1 டிபி ஹார்டு டிஸ்க், எம்பிஆர், சி டிரைவ் நிரம்பிவிட்டது: விண்டோஸ் 11 புதிதாகப் போட டி, இ டிரைவையும் அழித்தே ஆகணுமா?

மலைக்கோட்டை_88:

வணக்கம் நண்பர்களே. ஜெராக்ஸ், டிடிபி கடையில் ஓடும் கணினி. ஐ5 8400, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி சாட்டா ஹார்டு டிஸ்க் ஒன்றே ஒன்று. இப்போது விண்டோஸ் 10 இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு சப்போர்ட் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-ஐ ஃப்ரெஷ்ஷாகப் போட நினைக்கிறேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிவது:

சிஸ்டம் ரிசர்வ்டு 549 எம்பி (பிரைமரி, ஆக்டிவ்)
சி 97.12 ஜிபி (பிரைமரி), காலி 6 ஜிபி
டி 400 ஜிபி (லாஜிக்கல்), 212 ஜிபி நிரம்பியது
இ 433.85 ஜிபி (லாஜிக்கல்), 96 ஜிபி நிரம்பியது

டி-யில் டேலி கணக்கு, வாடிக்கையாளர் கோப்புகள். இ-யில் பேஜ்மேக்கர், கோரல்டிரா வேலைகள். பென்டிரைவில் பூட் செய்து சி-யை மட்டும் தேர்ந்தெடுத்தால், இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இஎஃப்ஐ சிஸ்டத்தில் ஜிபிடி டிஸ்க்கில் மட்டுமே விண்டோஸ் போட முடியும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. (எம்பிஆர் என்பது டிஸ்க்கைப் பிரித்த விவரத்தை எழுதிவைக்கும் பழைய முறை, ஜிபிடி புது முறை.)

சி-யை மட்டும் ஃபார்மேட் செய்து டி, இ இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ள வழி உண்டா? சி-யை 200 ஜிபி ஆக்கவும் வேண்டும். 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று கைவசம் இருக்கிறது.

---

பைட்பாலா:

எம்பிஆர்2ஜிபிடி என்று விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறதே? விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. டேட்டா அழியாமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றிவிடும். முதலில் /வேலிடேட் போட்டுப் பாருங்கள், சரி என்றால் /கன்வெர்ட். அதற்குப் பிறகு பயாஸில் பழைய லெகசி பூட் முறையிலிருந்து புது யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால் போதும்.

---

வட்டுநிரல்:

பாலா சொல்லும் கருவி நல்ல கருவிதான், ஆனால் இவர் டிஸ்க்கில் ஓடாது. டி-யும் இ-யும் லாஜிக்கல் என்று எழுதியிருக்கிறார், கவனியுங்கள். லாஜிக்கல் டிரைவ்களை உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி வேலிடேஷனிலேயே விழுந்துவிடும். பிரைமரி பார்ட்டிஷன்கள் மட்டும்தான் இருக்க வேண்டும், அதுவும் மூன்றுக்கு மேல் கூடாது, ஒன்று ஆக்டிவாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம்ம ஊரில் அசெம்பிள் செய்து கொடுக்கும் கணினிகளில் பெரும்பாலும் சி பிரைமரி, மற்றதெல்லாம் எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கல் என்றுதான் பிரித்திருப்பார்கள். உங்கள் சி 97.12 ஜிபி என்று முழு எண்ணாக இல்லாமல் நிற்பதும் அவர்கள் பிரித்த விதத்தால்தான். செட்டப்பில் அளவு கேட்கும்போது 100000 எம்பி என்று அடித்திருக்கிறார்கள். அதில் 549 சிஸ்டம் ரிசர்வ்டுக்குப் போக மீதி 99451 எம்பி. 1024-ஆல் வகுத்தால் 97.12.

மலைக்கோட்டை நண்பருக்கு நேரான பதில்: எம்பிஆர், ஜிபிடி என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும் விஷயம் அல்ல. முழு டிஸ்க்குக்கும் ஒரே டேபிள். சி-க்கு ஜிபிடி, டி-க்கு எம்பிஆர் என்று ஒரே டிஸ்க்கில் வைக்க முடியாது. ஆகவே டி, இ டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு டிஸ்க் முழுவதையும் துடைத்து மறுபடி பிரிப்பதுதான் உங்களுக்குச் சரியான வழி. லெகசி பூட்டிலேயே தொடர்ந்தால் எம்பிஆர் போதும், ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. ஐ5 8400 ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது, பயாஸில் இன்டெல் பிடிடி என்பதை இயக்கினால் டிபிஎம் கிடைத்துவிடும். இவ்வளவு தகுதியுள்ள கணினியில் குறுக்கு வழி வேண்டாம்.

சி-யை பெரிதாக்கும் கேள்விக்கும் விடை இதிலேயே வந்துவிடுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு பார்ட்டிஷனை அதன் வலது பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள் மட்டுமே நீட்ட முடியும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலது கோடியில்தான் கிடைக்கும், சி-க்குப் பக்கத்தில் அல்ல. அதனால்தான் எக்ஸ்டெண்ட் வால்யூம் எப்போதும் மங்கிய நிலையில் இருக்கும்.

இனி வேலை முறை. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு 05, சி5, சி6 மூன்று வரிகளையும் பாருங்கள். 05 ஏற்கெனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள். சி5 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி6 சரிசெய்ய முடியாதவை. சி5 பூஜ்யமாக இல்லை என்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள், அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடும் எண்ணத்தையும் விடுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் அல்ல, முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது பேக்கப். டி 212, இ 96, சி-யில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு 350 ஜிபி வரும். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டும், தாராளமாக அடங்கும். யூஎஸ்பி 3.0 நீல போர்ட்டில் செருகுங்கள். நொடிக்கு 100 எம்பி போனால் ஒரு மணி நேரம். 2.0 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும், மூன்று மணி நேரம் ஆகும். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டுமே இழுக்கும்.

மவுஸால் இழுத்து விடாதீர்கள். நடுவில் ஒரு கோப்பில் பிழை வந்தால் எது போனது, எது போகவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து (எஃப் என்பது இங்கே எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் எழுத்து; இ-க்கும் இதே கட்டளைதான், பாதையும் லாக் பெயரும் மட்டும் மாறும்):

ரோபோகாப்பி டி:\ எஃப்:\டி_பேக்கப் /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /ஏ-:எஸ்எச் /லாக்:எஃப்:\டி.டிஎக்ஸ்டி

/ஆர், /டபிள்யூ இரண்டையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் திறக்காத ஒரு கோப்புக்காகப் பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 வினாடி இடைவெளி விட்டு முயன்றுகொண்டே இருக்கும். அதுதான் அதன் இயல்புநிலை. டிரைவின் வேரிலிருந்து காப்பி செய்தால் எஃப்-இல் உருவாகும் ஃபோல்டர் ஹிடன், சிஸ்டம் முத்திரையோடு மறைந்துவிடும். டேட்டா காணோம் என்று பதறுவது இதனால்தான். /ஏ-:எஸ்எச் அதைத் தடுக்கும். ஆனால் அது காப்பியாகும் கோப்புகளின் ஹிடன் முத்திரையையும் எடுத்துவிடும், உங்கள் வேலைக்கு அதில் நஷ்டமில்லை.

முடிந்ததும் அதே கட்டளையை /எல் சேர்த்து, லாக் பெயரை மாற்றி ஓட்டுங்கள். /எல் போட்டால் காப்பி செய்யாது, காப்பி செய்ய வேண்டியதை மட்டும் பட்டியலிடும். கடைசியில் வரும் அட்டவணையில் காப்பிட் பத்தியில் ஃபைல்ஸ் 0 என்றும், முதல் லாகில் ஃபெயில்டு பத்தியில் உங்கள் கோப்பு எதுவும் இல்லை என்றும் உறுதி செய்யுங்கள். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர் மட்டும் பிழை காட்டினால் பொருட்படுத்த வேண்டாம். பிறகு எக்ஸ்டர்னலை வேறொரு கணினியில் செருகி, டேலி ஃபோல்டர், நாலைந்து பெரிய கோரல்டிரா கோப்பு, சில பிடிஎஃப் திறந்து பாருங்கள். அளவும் தேதியும் பொருந்துகிறதா என்பதைத்தான் ரோபோகாப்பி பார்க்கும், உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பது நம் வேலை.

துடைக்கும் முன் எக்ஸ்டர்னலைக் கழற்றி மேசை டிராயருக்குள் வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செட்டப் நேரத்தில் கணினியில் இருக்க வேண்டியது இரண்டே: அந்த 1 டிபி, இன்ஸ்டால் பென்டிரைவ்.

பென்டிரைவில் பூட் செய்து செட்டப்பின் முதல் திரை வந்ததும் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்துங்கள். கறுப்பு ஜன்னல் வரும்.

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
செலக்ட் டிஸ்க் 0
டீடெய்ல் டிஸ்க்

இங்கே நிறுத்தி, வரும் மாடல் பெயரையும் வால்யூம் பட்டியலையும் படியுங்கள். ஹார்டு டிஸ்க் எப்போதும் 0-வாகத்தான் வரும் என்று நம்பக் கூடாது, பென்டிரைவ் சில போர்டுகளில் 0 ஆகிவிடும். 931 ஜிபி, உங்கள் டிஸ்க்கின் மாடல் என்று தெரிந்த பிறகுதான்:

க்ளீன்
கன்வெர்ட் ஜிபிடி
எக்ஸிட்

க்ளீன் ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். பார்ட்டிஷன் விவரத்தை மட்டுமே அழிக்கிறது, உள்ளே இருக்கும் டேட்டாவை அல்ல. கன்வெர்ட் ஜிபிடி காலி டிஸ்க்கில் மட்டுமே வேலை செய்யும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது.

ஜன்னலை மூடிவிட்டு டிஸ்க் தேர்வுத் திரைக்கு வாருங்கள். 931.5 ஜிபி அன்அலொகேட்டட் என்று ஒரே வரி இருக்கும். புது பார்ட்டிஷன் கொடுத்து அளவில் 204800 அடியுங்கள். 200 பெருக்கல் 1024. அதிலிருந்தே இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு 100 எம்பி அளவிலும் விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் எம்எஸ்ஆருக்கு 16 எம்பியும் செட்டப் தானே எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்னப் பார்ட்டிஷன்களை நீங்களாக உருவாக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். பெரிய பிரைமரியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். மீதி 731 ஜிபியை இங்கே தொடாமல் விடுங்கள், விண்டோஸ் வந்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் பிரித்துக்கொள்ளலாம்.

---

சாட்டா_செல்வம்:

வட்டுநிரல் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 11 போடுவதையே நான் தடுப்பேன். சுழலும் டிஸ்க்கில் 11 ஓடும், ஆனால் ஆன் செய்து வேலை தொடங்கும் நிலைக்கு வர நிமிடக்கணக்கில் ஆகும், டிஸ்க் யூசேஜ் 100 சதவீதத்திலேயே நிற்கும். வாடிக்கையாளர் எதிரே நிற்கும் கடைக்கு அது ஒத்துவராது.

ஒரு 256 அல்லது 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். எச்310 போர்டுகளில் சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டே இருக்காது. இருந்தாலும் சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்று போர்டு மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எந்தப் போர்டிலும் ஓடும்.

இதில் இன்னொரு லாபம்: பூட் ஆகும் டிஸ்க் மட்டும்தான் ஜிபிடியாக இருக்க வேண்டும். டேட்டா டிஸ்க் எம்பிஆராகவே இருக்கலாம், யூஇஎஃப்ஐ-யில் எந்தத் தடையும் இல்லை. ஆகவே டி, இ இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பேக்கப் மட்டும் எப்படியும் எடுத்துவிடுங்கள்.

ஒரே நிபந்தனை: எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு டிஸ்க்கும் இணைப்பில் இருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் இறங்கி பூட் கோப்புகள் ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து ஹார்டு டிஸ்க்கை எடுத்தால் எஸ்எஸ்டி பூட் ஆகாது, காரணமும் யாருக்கும் புரியாது. விண்டோஸ் ஒருமுறை முழுதாக ஏறி டெஸ்க்டாப் வந்த பிறகு, கணினியை அணைத்து கேபிளைச் செருகுங்கள்.

எஸ்எஸ்டிக்குப் பூஜ்யம் எழுதும் ஃபுல் ஃபார்மேட் வேண்டாம். குவிக் ஃபார்மேட்டே, இந்த இடமெல்லாம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பிவிடும்.

---

எழுத்துரு_நேசன்:

டிடிபி கடை என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும், மேலே யாரும் தொடவில்லை. உங்கள் பழைய பேஜ்மேக்கர், வேர்டு கோப்புகள் பாமினி, வானவில் அவ்வையார் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில்தான் இருக்கும். சி-யை ஃபார்மேட் செய்தால் எழுத்துருக்களும் போய்விடும். கோப்பு பத்திரமாக இருந்தும் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். அடுத்த நாள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டியிருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சி:\விண்டோஸ்\ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்டர்னலில் ஒரு சாதாரண ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். அதோடு நிற்காதீர்கள். விண்டோஸ் 10-இல் அட்மின் உரிமை இல்லாமல் நிறுவிய எழுத்துருக்கள் வேறிடத்தில் இருக்கும்: உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா\லோக்கல்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும், முகவரிப் பட்டியில் தட்டச்சு செய்துதான் போக வேண்டும். திரும்ப நிறுவும்போது எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழைய மென்பொருள்கள் அதைத்தான் பார்க்கும். விண்டோஸ் 11-இன் சொந்த எழுத்துருக்களை மேலெழுத வேண்டாம், தமிழ் எழுத்துருக்களை மட்டும் பொறுக்கி எடுத்து நிறுவுங்கள்.

டேலிக்கு: ஃபார்மேட் செய்யும் முன், டேலியைத் திறந்து லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். செய்யாமல் ஓஎஸ்-ஐ மாற்றினால் புது இன்ஸ்டாலில் லைசென்ஸ் ஏறாமல் தகராறு செய்யும். டேட்டா ஃபோல்டர் உண்மையிலேயே டி-யில்தான் இருக்கிறதா என்று கம்பெனி தேர்வுத் திரையில் பாதையைப் பாருங்கள். டேலி பிரைம் தானாக வைத்துக்கொள்ளும் இடம் சி-யில் யூசர்ஸ்\பப்ளிக்குக்குள். ஒரு கம்பெனி டி-யிலும் இன்னொன்று சி-யிலும் இருப்பது சகஜம்.

பிரவுசர் புக்மார்க், பாஸ்வேர்டு, அவுட்லுக் பிஎஸ்டி கோப்பு, பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் மென்பொருள். இவையும் பட்டியலில் இருக்கட்டும்.

---

பைட்பாலா:

லாஜிக்கல் விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன், நன்றி வட்டுநிரல். ஒரு சந்தேகம்: ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியின் லைவ் பென்டிரைவில் பூட் செய்து டி-யைச் சுருக்கி வலப்பக்கம் நகர்த்தினால் சி-க்கு இடம் கிடைக்குமே? எக்ஸ்டர்னல் இல்லாதவர்களுக்கு அது உதவாதா?

---

வட்டுநிரல்:

கிடைக்கும். டி-யின் இடது எல்லையை நகர்த்தி, எக்ஸ்டெண்டடின் இடது எல்லையையும் சுருக்கினால் காலி இடம் சி-க்கு ஒட்டி வரும். ஆனால் இடது எல்லையை மாற்றுவது என்றால் உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் டிஸ்க்கிலேயே ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எழுதுவது. சில மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில் நிற்கும், அந்தப் பார்ட்டிஷனை மீட்பது பெரும்பாடு. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம் தாங்கும் என்பதை நம்பி இதில் இறங்கக் கூடாது. பேக்கப் இல்லாதவர் செய்யக் கூடாத வேலை, பேக்கப் இருப்பவருக்குத் தேவைப்படாத வேலை. அவ்வளவு பாடுபட்டாலும் டிஸ்க் எம்பிஆராகவேதான் இருக்கும்.

இதே போல இன்னொரு வலை: எம்பிஆரில் நான்கு பிரைமரி இடங்களும் நிரம்பியபின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இன்னொன்று உருவாக்கப் போனால், டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்கும். யெஸ் கொடுக்காதீர்கள்.

செல்வம் சொன்ன எஸ்எஸ்டி யோசனையை நானும் வழிமொழிகிறேன். பட்ஜெட் இடம் கொடுத்தால் அதுவே மேல்.

---

மலைக்கோட்டை_88:

எல்லோருக்கும் நன்றி. எஸ்எஸ்டி அடுத்த மாதம்தான் வாங்க முடியும், இப்போதைக்கு ஹார்டு டிஸ்க்கிலேயே போடுகிறேன். சி5 பூஜ்யம், 05-உம் பூஜ்யம். பேக்கப் முடித்து, எழுத்துருவும் எடுத்து, டேலி சரண்டரும் செய்துவிட்டேன்.

இப்போது பென்டிரைவில் பூட் செய்தால் இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்கிறது. பிடிடி இயக்கியிருக்கிறேன். முன்பு இந்தச் செய்தி வரவில்லை. பூட் மெனுவில் பென்டிரைவ் பெயர் இரண்டு முறை வருகிறது.

---

வட்டுநிரல்:

இரண்டு முறை வருவதில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்படி உள்ளே போனால் செட்டப் லெகசி முறையில் ஓடும், விண்டோஸ் 11-க்கு வேண்டியது இல்லை என்று திருப்பிவிடும். இதே இடத்தில் விண்டோஸ் 10-ஆக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் எம்பிஆரிலேயே ஏறியிருக்கும்.

பேக்கப் முடிந்துவிட்டதால் இப்போது பயாஸில் சிஎஸ்எம்-ஐ (லெகசி பூட்டை அனுமதிக்கும் அமைப்பு) அணைத்து விடுங்கள். பழைய விண்டோஸ் பூட் ஆகாது, பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் எதுவும் மாறவில்லை. சிஎஸ்எம்-ஐத் திரும்ப இயக்கினால் பழையபடி வரும். அணைத்த பிறகு பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ வரி மட்டுமே தெரியும், குழப்பமே இருக்காது.

அப்படியும் பென்டிரைவ் தெரியவில்லை என்றால் அதை உருவாக்கிய விதத்தைப் பாருங்கள். பூட் பென்டிரைவ் உருவாக்கும் கருவியான ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ-வைத் திறந்து கையால் ஃபேட்32 பென்டிரைவுக்குக் காப்பி செய்தவர்களுக்கு இன்ஸ்டால்.விம் கோப்பு 4 ஜிபியைத் தாண்டுவதால் ஏறாது. ஃபேட்32 ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் வாங்காது. ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன யூஇஎஃப்ஐ துவக்கியை வைத்து இதைச் சமாளிக்கிறது.

டிஸ்க்கைத் துடைத்த பிறகும், புது பார்ட்டிஷன் உருவாக்க முடியவில்லை, இருப்பதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், மெமரி கார்டு, வேறு பென்டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபடி க்ளீன், கன்வெர்ட் ஜிபிடி செய்து, பூட் மெனு வழியாகவே உள்ளே வாருங்கள். பயாஸின் பூட் வரிசையில் பென்டிரைவை நிரந்தரமாக முதலில் வைத்தால் சில போர்டுகளில் இந்தப் பிழை வரும்.

இன்ஸ்டால் ஆகும்போது கீ கேட்டால், கீ இல்லை என்று கொடுத்து பழைய அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. போர்டு மாறாததால் டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தால் நெட் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகும்.

---

சாட்டா_செல்வம்:

லேப்டாப்பில் இதே வேலையைச் செய்ய வருபவர்களுக்காக: இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் செட்டப் திரையில் எஸ்எஸ்டியே தெரியாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்டெலின் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக அமைப்பு இயக்கத்தில் இருக்கிறது, அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் செட்டப்பில் இல்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்து லோடு டிரைவர் கொடுங்கள்.

லேப்டாப்பில் இன்னொன்று பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம். சி-யை மட்டும் துடைத்து டி-யை விட்டுவைத்தால், புது விண்டோஸ் டி-யைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ கையில் இல்லை என்றால் டேட்டாவும் இல்லை. தொடங்கும் முன்பே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் கீ இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பிட்லாக்கரை முழுதாக அணைத்து டிகிரிப்ட் ஆகும் வரை காத்திருங்கள்.

---

மலைக்கோட்டை_88:

சிஎஸ்எம் அணைத்ததும் சரியாகிவிட்டது. விண்டோஸ் 11 ஏறிவிட்டது, ஆக்டிவேட்டும் ஆகிவிட்டது. மிக்க நன்றி. மீதி இரண்டு கேள்வி. ஒன்று, அந்த 731 ஜிபியை டி, இ என்று பிரிக்கும்போது குவிக் ஃபார்மேட்டா, ஃபுல்லா? இரண்டு, டி என்ற எழுத்து இப்போது பென்டிரைவுக்குப் போய்விட்டது, விட்டுவிடலாமா?

---

வட்டுநிரல்:

எழுத்தை விட்டுவிடாதீர்கள். கோரல்டிரா, பேஜ்மேக்கரில் லிங்க் செய்த படங்கள் டி:\, இ:\ என்ற பாதையோடுதான் பதிவாகியிருக்கும். டேலியும் அப்படியே. பென்டிரைவைக் கழற்றிவிட்டு, டிவிடி டிரைவ் இருந்தால் அதற்கு இசட் என்று மாற்றிவிட்டு, புது பார்ட்டிஷன்களுக்கு டி, இ என்ற பழைய எழுத்துகளையே கொடுங்கள். டி-க்கு 409600 எம்பி கொடுத்தால் பழைய 400 ஜிபி, மீதி முழுவதும் இ. ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ், அலொகேஷன் யூனிட் டீஃபால்ட். பேக்கப்பிலிருந்து திருப்பும்போதும் அதே ரோபோகாப்பிதான், பாதை மட்டும் தலைகீழ்.

சி-க்கும் டி-க்கும் நடுவே ஒரு சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன் தெரியும். சி-க்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறதே என்று அழிக்காதீர்கள். விண்டோஸ் பூட் ஆகாதபோது ரிப்பேர் திரை வருவது அதிலிருந்துதான். அது சிறியதாக இருந்தாலும் தொல்லை: 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட், ரெக்கவரியில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு தோற்றது. செட்டப் கொடுத்த அளவிலேயே விடுங்கள்.

குவிக்கா ஃபுல்லா என்றால், இந்த டிஸ்க்குக்கு ஒருமுறை ஃபுல். குவிக் ஃபார்மேட் ஃபைல் சிஸ்டத்தின் கணக்குப் புத்தகத்தை மட்டும் புதிதாக எழுதும். ஃபுல், விஸ்டா காலத்திலிருந்து, ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்யம் எழுதி, படிக்க முடியாததை ஒதுக்கி வைக்கும். 731 ஜிபிக்கு நொடிக்கு 120 எம்பி வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம், டிஸ்க்கின் உள்வட்டத்தில் வேகம் குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடும். கடையைப் பூட்டும்போது ஓடவிட்டுப் போகாமல், ஆள் இருக்கும்போது போடுங்கள். முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5 இரண்டையும் மறுபடி பாருங்கள். ஒரு ஓட்டத்திலேயே 05 ஏறியிருந்தால் டேட்டாவை அதில் திருப்பாதீர்கள், எஸ்எஸ்டிக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

---

சாட்டா_செல்வம்:

எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த ஹார்டு டிஸ்க்கை விற்பதாகவோ எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாகவோ இருந்தால் ஒரு விஷயம். ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் ஊரார் ஆதார், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் இருக்கும். குவிக் ஃபார்மேட்டோ வெறும் க்ளீனோ செய்து கொடுத்தால் டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவியால் யார் வேண்டுமானாலும் பார்ட்டிஷனை எழுப்பிவிடலாம். டிஸ்க்பார்ட்டில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து க்ளீன் ஆல் கொடுங்கள். கடைசி செக்டார் வரை பூஜ்யம் எழுதும், 1 டிபிக்கு இரண்டு, மூன்று மணி நேரம், முன்னேற்றம் எதுவும் திரையில் காட்டாது. ஜன்னல் உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

தவறான டிஸ்க்கில் வெறும் க்ளீன் மட்டும் கொடுத்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல், புதிதாக எதையும் எழுத வேண்டாம். அந்த நிலையில் டெஸ்ட்டிஸ்க் பெரும்பாலும் பழைய பார்ட்டிஷன்களைக் கண்டுபிடித்துவிடும். க்ளீன் ஆல் கொடுத்த இடத்தை அதனால் மீட்க முடியாது.